பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: குரல்வளை நரம்புக் கோளாறுகள் பற்றிக் கேள்வி பதில்

முதலில் ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர்களோடு சேர்ந்து குரல் நோயாளிகளைப் பார்க்கிறேன். மருந்துச் சீட்டு கேட்காதீர்கள், தர மாட்டேன். குரல்வளையை இயக்குகிற நரம்பு, மூளை சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் மாறியிருந்தால் ஸ்கோப், அதாவது தொண்டைக்குள் குரல்வளையைக் காட்டுகிற கருவி, வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

மேலூர் ராஜபார்ட்: வணக்கம் அக்கா. வள்ளி திருமணம் நாடகத்தில் ராஜபார்ட் கட்டுகிறேன், வயசு 44. ஒன்றரை வருஷமாகப் பேசும்போது குரல் பிடித்துப் பிடித்து வெட்டுகிறது. போனில் பேசினால் எதிராளிக்குப் பாதி விளங்குவதில்லை. ஆனால் பாட்டு பழையபடி கணீரென்று வருகிறது. மேடையில் வசனம் பேசி வாதாடுகிற தர்க்கம் வந்தால்தான் மானம் போகிறது. ஸ்கோப் பார்த்த டாக்டர் குரல் நாண் நன்றாக இருக்கிறது, டென்ஷனைக் குறையுங்கள் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்.

அண்ணே, நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் முக்கியம். பேசினால் வெட்டுகிறது, போனில் மோசமாகிறது, பாடினால் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா. உங்களுக்கு அதுதான் என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது, ஆனால் அதைத் தேடிப் பார்க்காமல் தூக்க மாத்திரையோடு விட்டது சரியில்லை.

இது டிஸ்டோனியா என்ற இயக்கக் கோளாறு வகையைச் சேர்ந்தது. குரல் நாணில் கட்டியோ புண்ணோ இருக்காது, நரம்பும் அறுந்திருக்காது. மூளையிலிருந்து வருகிற இயக்கக் கட்டளை தப்பாக வருகிறது, அதுவும் பேச்சு என்ற ஒரு வேலைக்கு மட்டும். பேனா பிடித்தால் மட்டும் கை இறுகிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே கையால் சோறு பிசைவார்கள், பொத்தான் போடுவார்கள், ஒன்றும் ஆகாது. அதுவும் இந்த வகைதான்.

இதில் இரண்டு ரகம் உண்டு. அதிகம் வருவது குரல் நாண்கள் நடுவில் வந்து இறுக மோதிக்கொள்கிற ரகம். குரல் நெரிபட்டது போல, சொல்லின் நடுவில் வெட்டு விழும். இன்னொன்று நாண்கள் திடீரென்று விரிந்துவிடுகிற ரகம். காற்று புஸ்ஸென்று போய் அந்த இடத்தில் குரல் இருக்காது. பிரித்துப் பார்க்க நான் இரண்டு வாக்கியம் வைத்திருக்கிறேன், வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஒன்று, "யானை மேலே ஏறி ஆலமரம் அருகே வேலன் வந்தான்." இதில் குரல் ஓரிடத்திலும் ஓயாமல் ஓட வேண்டும், அதனால் இறுகுகிற ரகக்காரர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். இன்னொன்று, "பாட்டி கடைக்குப் போய் பத்துத் தக்காளி கேட்டாள்." ப, க, த என்று குரல் நின்று நின்று எழும்ப வேண்டியிருப்பதால் விரிகிற ரகக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். எந்த வாக்கியமானாலும் ஒரே மாதிரி இறுகி இருந்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். மூளைக் கோளாறு அல்ல, பயிற்சியிலேயே சரியாகும். டிஸ்டோனியாவையும் தசை இறுக்கத்தையும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் அதிகம் நடக்கிற தப்பு. அதனால்தான் சில வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம்.

இப்போது ஸ்கோப் விஷயம். உங்கள் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, வாய் வழியாகக் கம்பி வைத்து "ஈ சொல்லுங்க" என்றார்களா? அப்படிப் பார்த்தால் குரல் நாணின் மேற்பரப்பு அருமையாகத் தெரியும், கட்டி இருந்தால் தெரியும். ஆனால் நாக்கு வெளியே நீட்டியிருக்கும்போது யாராலும் பேச முடியாது, உங்கள் கோளாறு பேசினால்தான் வரும். மூக்கு வழியாகப் போகிற வளையும் ஸ்கோப் வைத்து மேலே சொன்ன வாக்கியங்களைச் சொல்ல வைக்க வேண்டும், பாடவும் வைக்க வேண்டும். "ஏறி" என்ற சொல்லில் இரண்டு நாணும் பட்டென்று ஒட்டிக்கொண்டு, மேலே இருக்கிற பொய் நாண்களும் நெருங்கி மூடுவது திரையில் அப்படியே தெரியும். அடுத்த நொடி விலகிவிடும். அந்தக் காட்சிதான் ஆதாரம். ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். நடுக்கமோ கழுத்துத் திருகலோ வேறு இயக்கக் கோளாறோ கூட இருக்கிறதா என்று நியூராலஜிஸ்ட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிகிச்சை போடாக்ஸ் ஊசி, ஒரு பாக்டீரியா விஷத்தை மிகச் சிறிய அளவில் போட்டுத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துவது. நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் 1984-ல் குரல்வளையில் போட ஆரம்பித்தது, இன்றைக்கும் முதல் தேர்வு அதுதான். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கிற சிறு பள்ளம் வழியாக ஊசி போகும். தசையின் மின்னோட்டத்தைக் கேட்டுக்கொண்டே போடுவார்கள், ஊசி சரியான தசையில் ஏறியதும் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும். இரண்டு மூன்று நாளில் வேலை செய்யும். முதல் ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாக இருக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறலாம். தலையைக் கொஞ்சம் குனிந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். அப்புறம் மூன்று நான்கு மாதம் பேச்சு சீராக இருக்கும். மறுபடி போட வேண்டும். நிரந்தரத் தீர்வு அல்ல. உங்கள் தொழிலுக்கு ஒன்று சொல்கிறேன், ஊசி போட்ட சமயத்தில் பாட்டின் மேல் ஸ்தாயி தற்காலிகமாகப் பலவீனமாகலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், குறைந்த அளவில் ஆரம்பிப்பார். திருவிழா சீசனுக்கு நடுவில் முதல் ஊசி வேண்டவே வேண்டாம்.

திருமங்கலம் இல்லத்தரசி: தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். குரல் காற்றாக வருகிறது, பத்து வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. தானாகச் சரியாகும் என்கிறார்கள். எவ்வளவு நாள் காத்திருக்க?

அம்மா, குரல் நாணை அசைக்கிற நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே மேலே ஏறுகிறது. ஆபரேஷனில் அது இழுபட்டாலோ நசுங்கினாலோ ஒரு பக்க நாண் அசையாமல் நின்றுவிடும். இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் பாதித் திறப்பில் சிக்கிக்கொண்டது போல, மற்றது எவ்வளவு வந்தாலும் இடைவெளி மூடாது, காற்று ஒழுகும். நரம்பு அறுபடாமல் இருந்தால் திரும்ப வாய்ப்பு உண்டு, அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பார்ப்பார்கள்.

ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. முதலில் ஸ்கோப்பில் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, இருமல் வலுவில்லாமல் இருக்கிறதா? அப்படியானால் இப்போதே நாணுக்குள் தற்காலிகமாக ஒரு ஜெல் ஊசி போட்டு நடுவுக்குத் தள்ளிவிடலாம். ஹையலூரானிக் அமிலம் போடுவார்கள், சில மாதத்தில் கரைந்துவிடும், நரம்பு திரும்பினால் இடைஞ்சல் இல்லை. ஒரு வருஷம் ஆகியும் அசையாவிட்டால் தைரோபிளாஸ்டி. ஜப்பானில் கியோட்டோவின் இஷிகி 1974-ல் வகுத்த முறை. கழுத்தில் சிறு வெட்டுப் போட்டுக் குருத்தெலும்பில் ஒரு ஜன்னல் திறந்து, சிலிக்கான் துண்டு வைத்து நாணை உள்ளே தள்ளுவார்கள். மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, ஆளை விழிப்பாக வைத்தே செய்வார்கள். மேஜையில் படுத்தபடியே நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவீர்கள், அதைக் கேட்டுத்தான் துண்டின் அளவை முடிவு செய்வார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை. அப்பாவுக்கு 61 வயது. இடது குரல் நாண் அசையவில்லை என்று ரிப்போர்ட். வயசானதால் வந்ததா?

வயசு மட்டும் காரணமாக ஒரு நாண் அசையாமல் நிற்காது தம்பி. இடது பக்க நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வருகிற பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குரல்வளைக்கு ஏறுகிறது. வலது பக்கம் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அதனால் நெஞ்சில் என்ன வந்தாலும் இடது பக்கம்தான் முதலில் அடிபடும். நுரையீரல் புற்றுநோய், டி.பி., பெருநாடி வீக்கம், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி இதயத்தின் இடது மேலறை பெருத்துப்போவது, எல்லாமே காரணமாகலாம். காரணம் எதுவும் கிடைக்காத கேஸும் உண்டு, வைரஸ் என்று ஊகிப்பார்கள். ஆனால் தேடிப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும். மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை சி.டி. ஸ்கேன், இந்த வாரமே. பீடி குடிப்பவர் என்றால் நாளைக்கே. குரல் பயிற்சி அப்புறம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், அண்ணா நகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். அந்த நாடகக்காரருக்குப் பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை. மூளையில் கோளாறு என்றால் இரண்டும்தானே கெட வேண்டும்? இது மனம் சம்பந்தப்பட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மனநல நிபுணரிடம் அனுப்பாமல் கழுத்தில் விஷ ஊசி போடச் சொல்கிறீர்கள்.

ஐயா, இப்படி நினைப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. 1871-ல் ஜெர்மனியில் டிராவுபே என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதிய நாளிலிருந்து சுமார் நூறு வருஷம் மருத்துவ உலகமே மனக்கோளாறு என்றுதான் நம்பியது. நோயாளிகளை வருஷக் கணக்கில் மனநல சிகிச்சைக்கு அனுப்பினார்கள், குரல் திரும்பவில்லை. 1976-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹெர்பர்ட் டீடோ ஒரு பக்கக் குரல்வளை நரம்பை வெட்டிப் பார்த்தார், இறுக்கம் விட்டது. பலருக்கு சில வருஷத்தில் மறுபடி திரும்பியதால் அந்த ஆபரேஷனை இப்போது பெரும்பாலும் செய்வதில்லை. ஆனால் எல்லோரும் நரம்பு இயக்கக் கோளாறு என்ற திசையில் யோசிக்க அது ஒரு பெரிய காரணம். 1991-ல் ஒரு ஆய்வு. சிலருக்குப் போடாக்ஸ், சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. போடாக்ஸ் போட்டவர்களுக்குத்தான் குரல் தேறியது. நம்பிக்கை மட்டும் வேலை செய்திருந்தால் உப்புத் தண்ணீரும் வேலை செய்திருக்க வேண்டும்.

பாட்டு ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். சிரிப்பும் அழுகையும் உணர்ச்சி வழியாக வருகிற குரல், அதற்கு மூளையில் பாதை வேறு. கற்றுக்கொண்ட பேச்சுக்குப் பாதை வேறு. பாட்டில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறோம், அந்தக் கட்டுப்பாடும் பேச்சிலிருந்து மாறுபட்டது. ஒரு வேலைக்கு மட்டும் கெடுவதுதான் டிஸ்டோனியாவின் அடையாளம். நீங்கள் எதை மனக்கோளாறுக்குச் சாட்சியாக வைக்கிறீர்களோ அதையே நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறோம்.

விஷம் என்றால் விஷம்தான், மறைக்கவில்லை. புருவத்துக்கு நடுவே சுருக்கம் போக சுமார் 20 யூனிட் போடுகிறார்கள். குரல் நாணுக்குப் பக்கத்துக்கு ஒன்று, இரண்டு யூனிட் அளவில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், அண்ணா நகர்: பதற்றத்தில் அதிகமாகிறது என்று அவர்களே சொல்கிறார்களே. அதற்கு என்ன பதில்?

பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கமும் நாலு பேர் பார்த்தால் அதிகமாகும் ஐயா. அதை மனநோய் என்று யாராவது சொல்வோமா? பதற்றம் எந்த இயக்கக் கோளாறையும் கூட்டும். கூட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு.

வங்கி ஊழியர், கே.கே.நகர்: நான் சொல்லலாமா? எனக்கு இந்த நோய்தான். ஆறு வருஷம் மன அழுத்த மாத்திரை சாப்பிட்டேன். மாமியார் வீட்டில் "வேலை செய்யாம இருக்க நடிக்கிறா" என்றார்கள், ஏனென்றால் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினால் குரல் வரும். கவுண்டரில் வாடிக்கையாளர் "என்னம்மா அழுறீங்க" என்று கேட்பார். ஊசி போட்ட நான்காம் நாள் போனை எடுத்து "ஹலோ" சொன்னேன், எதிர்முனையில் என் அக்கா யாரோ என்று வைத்துவிட்டாள். ஆசிரியர் ஐயா, மனசு என்று சொல்கிறவர்களுக்கு அது ஒரு வார்த்தை, எனக்கு ஆறு வருஷம்.

சகோதரி, எழுதியதற்கு நன்றி. ஐயாவுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன், நியாயம் என்பதால். மனம் சார்ந்த குரலிழப்பும் உண்மையிலேயே இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் காலையில் குரல் போய் வெறும் கிசுகிசுப்பாக வரும், ஆனால் அதே ஆள் இருமினால் இருமல் கணீரென்று கேட்கும். நாண்கள் நன்றாகச் சேர்கின்றன என்பதற்கு அந்த இருமலே சாட்சி. அந்த இருமலைப் பிடித்து "ம்ம்ம்" ஆக்கி, அதிலிருந்து சொல்லுக்குக் கொண்டுவருவோம், பலருக்கு ஒன்றிரண்டு அமர்விலேயே குரல் திரும்பும். அதுவும் நடிப்பு இல்லை, அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ஆக மனசு என்றாலும் நரம்பு என்றாலும் சொல்கிறவர் பரிசோதித்து அடையாளத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். "ஸ்கோப் நார்மல், அதனால் மனசு" என்பது பரிசோதனை முடிவு இல்லை. இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சோழவந்தான்: குரல் இரண்டு மாதமாகக் கரகரப்பு. என்ன மாத்திரை?

ஸ்கோப். மேலே எழுதியிருக்கிறேன்.

வாடிப்பட்டி: அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் போட்டுப் பார்த்தேன், நான்கு மாதமாகக் கரகரப்பு போகவில்லை. வேறு கஷாயம் உண்டா?

வறண்ட தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் நான்கு மாதம் என்பது கஷாயத்துக்கு உரிய காலம் இல்லை. ஸ்கோப். புகை, புகையிலை, குட்கா பழக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், குரல் நாண் புற்றுநோய் ஆரம்பத்தில் வெறும் கரகரப்பாகத்தான் வரும், அப்போது பிடித்தால் முழுதாகக் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பரவை: பிளஸ் டூ படிக்கும் மகனுக்குக் குரல் உடையவில்லை, பெண் குரல் போல இருக்கிறது. நரம்பா?

பெரும்பாலும் இல்லை. மற்ற வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகு ஸ்பீச் தெரபிக்கு அழைத்துவாருங்கள். சில வாரத்தில் மாறுகிற விஷயம் இது, பையனைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள், திருப்பரங்குன்றம்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். குரல் ரொம்பச் சன்னமாகிவிட்டது. சத்தமாகப் பேசச் சொன்னால் "சத்தமாத்தானே பேசுறேன், உங்களுக்குத்தான் காது கேக்கலை" என்று கோபப்படுகிறார்.

அப்பா பொய் சொல்லவில்லை பாப்பா. இந்த நோயில் தன் குரலின் அளவை மூளை தப்பாகக் கணக்கிடுகிறது. கிசுகிசுப்பாகப் பேசுவது அவருக்குச் சாதாரணப் பேச்சாகத் தோன்றும், நாம் கேட்கிற அளவில் பேசினால் கத்துவதாகத் தோன்றும். மாத்திரை நடையையும் கையையும் தேற்றுகிற அளவுக்குக் குரலைத் தேற்றுவதில்லை. இதற்கென்றே லீ சில்வர்மன் முறை என்ற பயிற்சி இருக்கிறது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரே குறிக்கோள், சத்தம். போனில் டெசிபல் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டு அப்பா முன்னால் வையுங்கள். அவருடைய "சத்தம்" எங்கே நிற்கிறது, உங்களுடையது எங்கே நிற்கிறது என்று அவரே பார்க்கட்டும், சண்டை பாதி குறையும். சாப்பிடும்போது இருமுகிறாரா என்று கவனியுங்கள். இருமல் இல்லாமலே புரையேறுவதும் உண்டு, அதனால் விழுங்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கண்டக்டர், மாட்டுத்தாவணி: காலையில் குரல் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மூக்கில் பேசுவது போலக் குழைகிறது, கண் இமையும் கொஞ்சம் இறங்குகிறது. கத்திக் கத்தி வந்ததா?

கத்தியதால் இமை இறங்காது அண்ணே. உழைக்க உழைக்கச் சோர்ந்து, ஓய்வெடுத்தால் தேறுகிற நோய் மையஸ்தீனியா கிரேவிஸ். அதுவாக இருக்கலாம். நேரே நியூராலஜிஸ்ட்டிடம் போங்கள், இந்த இமை விஷயத்தை முதலில் சொல்லுங்கள். நல்ல மருந்துகள் இருக்கின்றன. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. இன்னொன்று, இந்த நோய் இருப்பவர்களுக்குச் சில ஆன்டிபயாடிக்குகள் ஆபத்து, உறுதியாகும் வரை மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

அலங்காநல்லூர்: குரல் கரகரப்பு, ஒரு மாதம். ஸ்கோப் இல்லாமல் ஏதாவது வழி?

இல்லை. மூக்கில் மரத்துப்போகிற மருந்து விட்டு ஐந்து நிமிஷத்தில் முடிகிற பரிசோதனை. பெரியாஸ்பத்திரியிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

சமயநல்லூர்: அம்மாவுக்கு மூன்று நாள் முன் தைராய்டு ஆபரேஷன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம். சளியா?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். இரண்டு பக்க நாணும் அசையாமல் நடுவில் நின்றுவிட்டால் குரல் நன்றாகவே இருக்கும், மூச்சு வழிதான் அடைபடும். கழுத்துக்குள் ரத்தம் கட்டினாலும் இப்படிச் சத்தம் வரலாம். 108-ஐக் கூப்பிட்டு அருகிலிருக்கிற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உட்கார வைத்தபடியே கொண்டுபோங்கள், போகும் வழியில் ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடுங்கள். இருமல் மருந்து, ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

பள்ளி ஆசிரியை, விரகனூர்: எனக்கு இறுகுகிற ரகம் என்று உறுதியாகிவிட்டது. ஊசி போட்டால் இரண்டு வாரம் வகுப்பு எடுக்க முடியாதே. நிரந்தர ஆபரேஷன் செய்துவிடலாமா?

குருத்தெலும்பைப் பிளந்து நாண்களை விலக்கி வைக்கிற முறை ஜப்பானில் செய்கிறார்கள், நரம்பை வெட்டி வேறு நரம்போடு இணைக்கிற முறையும் இருக்கிறது. இரண்டும் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது, பழைய நிலைக்குத் திரும்புவதும் கடினம். இரண்டு மூன்று முறை ஊசி போட்டு உங்களுக்கு ஏற்ற அளவு எது என்று தெரிந்த பிறகு யோசியுங்கள்.

முதல் ஊசியை மே மாதம் போடுங்கள். காற்றுக் குரல் வாரங்கள் விடுமுறையில் கழிந்துவிடும், ஜூனில் பள்ளி திறக்கும்போது குரல் நன்றாக இருக்கும். அடுத்தது காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் விழும், அதற்கடுத்தது பெரும்பாலும் அரையாண்டு விடுமுறையையோ பொங்கலையோ ஒட்டி வரும். ஒவ்வொரு தடவையும் தேதி, யூனிட், எத்தனை நாள் காற்றுக் குரல், எத்தனை வாரம் நல்ல குரல் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த ஊசியின் அளவை டாக்டர் அதைப் பார்த்துத்தான் கூட்டுவார், குறைப்பார். வகுப்பில் மைக் வாங்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் போதும்.